ரப்பர் வாசனை நோட்டுகள்

அத்தியாயம் 4

மாலை நான்கு மணிக்குக் கடைக்கு சீல் வைக்க ஆள் வருகிறார் என்று நெல்டா கலேகோஸ் மூன்றாவது முறையாகச் சொன்னபோது மணி ஒன்று பத்து.

லூசிண்டா மயெஸ்டாஸ் இந்த வழக்கை எடுத்து அன்றோடு மூன்று நாள். மாநில வரித்துறையில் இருபத்தெட்டு வருடம் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். எதிரில் உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர். ஓய்வு பெற்ற கையோடு துப்பறியும் உரிமம் வாங்கியதற்கு அவர் சொல்லும் காரணம், இனிமேலாவது அழுகிறவர்களின் பக்கம் நாற்காலி போடலாம் என்பது.

"கடை போனா வீடு போகும்," என்றார் நெல்டா. "வீட்டை அடகு வெச்சுத்தான் லைசென்ஸே எடுத்தேன். பள்ளிக்கூடத்துல இருபது வருஷம் பீன்ஸ் கிண்டிட்டு நிம்மதியா இருந்தவ. அப்பல்லாம் என்னை யாரும் சந்தேகப்பட்டதில்ல."

"பீன்ஸுக்கு வரி இல்லையே, அதான்," என்றான் ட்யூயி.

ட்யூயி கார்டோவா, லூசிண்டாவின் உதவியாளன். இரண்டு வருடம் முன்புவரை எதிர்ச்சாரியில் இன்னொரு கஞ்சாக் கடையில் கவுண்டரில் நின்றவன். ஆஸ்துமா இருப்பதால் ஒருநாளும் ஒரு இழுப்புகூட இழுத்ததில்லை. கடை மூடியபோது, சொந்தச் சரக்கைத் தொடாத ஒரே ஊழியன் என்று முதலாளி சான்றிதழ் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் லூசிண்டா வேலைக்கு வைத்தார். இப்போது அவன் கண்ணாடி அலமாரியில் சாய்ந்து ஒரு பரிட்டோ ரொட்டிச் சுருளை முடித்துக்கொண்டிருந்தான். மிளகாய்க் குழம்பு மணிக்கட்டுவரை வழிந்தது.

அந்த ஊரின் கதை சின்னது. பெட்ரெகாலில் ஜனத்தொகை நாலாயிரம். நல்ல காலத்தில் கஞ்சாக் கடை பதினேழு, ரொட்டிக் கடை இரண்டு. டெக்ஸஸ்காரர்கள் நியூ மெக்ஸிகோவைத் தாண்டி, மலைக் கணவாய் ஏறி, கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கும் கொலராடோவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் ஊர் இதுதான். நகரசபை ஒவ்வொரு ரசீதுக்கும் ஐந்து டாலர் கட்டணம் போட்டது. பெரிய ரசீது, சின்ன ரசீது என்ற பேதமில்லை. அந்தப் பணத்தில் தார்ச்சாலை வந்தது. நீச்சல் குளம் வந்தது. குளத்துக்கு நகரசபைத் தலைவரின் பெயர் வந்தது. அப்புறம் நியூ மெக்ஸிகோவும் சட்டத்தை மாற்றியது. டெக்ஸஸ்காரர்கள் கணவாய் ஏறுவதை நிறுத்தினார்கள். இன்றைக்குக் கடைகள் மூன்று. குளத்தில் தண்ணீர் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

"வரித்துறைக் கடிதாசியை இன்னொரு தடவை படிடா," என்றார் லூசிண்டா.

ட்யூயி கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். "பிப்ரவரி ஒண்ணுலருந்து இந்தக் கடையில ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது ரசீது. எல்லாம் ஒரே சரக்கு. ஒரு டாலர் கஞ்சாச் சுருட்டு, ஒத்தைச் சுருட்டு. ஒரே ஆளுங்களைத் திரும்பத் திரும்ப வரவழைச்சு, சில்லறை சில்லறையா சரக்கை வெளியே கடத்தறதா சந்தேகம். மார்ச் முப்பத்தொண்ணு, மாலை நாலு மணிக்குள்ள விளக்கம் இல்லேன்னா கல்லாவுக்கு சீல். இப்படிக்கு, பிரெஸ்டன் எக்பர்க்."

"எக்பர்க். எங்கிட்ட பயிற்சி எடுத்தவன். நல்ல பையன். எழுத்துக்கு எழுத்து சட்டம் பார்ப்பான்." லூசிண்டா ஒரு சுருட்டை எடுத்துப் பார்த்தார். மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் அரை கிராம். "இது ஒண்ணு வித்தா உங்களுக்கு எவ்வளவு நிக்கும்?"

"முப்பது சென்ட் நஷ்டம்," என்றார் நெல்டா. "ஆளுங்களை உள்ளே இழுக்க இப்படி ஒரு விலை போடலாம்னு கவுண்டர்ப் பொண்ணு இனெஸ்தான் சொன்னா. நான் காலையில வந்து கணக்கு எழுதிட்டுப் போயிடுவேன். ஒரு வருஷமா எண்ணிக்கை குறைஞ்சுகிட்டே இருந்துச்சு. திடீர்னு ஏறுச்சு. ஏன்னு கேட்கப் பயமா இருந்துச்சு."

"ஒரு டாலர் சுருட்டு. அஞ்சு டாலர் நகரசபைக் கட்டணம். இருபது சென்ட் மாநில வரி. ஆக ஆறு இருபது." லூசிண்டா குழாயைக் கீழே வைத்தார். "பத்து சுருட்டு வேணும்னா பத்தையும் ஒரே ரசீதுல போட்டா அஞ்சு டாலரோட போச்சு. பத்து ரசீதா வாங்கினா அம்பது டாலர். கொஞ்சம் புத்தி உள்ளவன் இப்படி வாங்குவானா?"

"கஞ்சாக் கடைக்கு வர்றவன்கிட்ட புத்தியை எதிர்பார்க்கறது உங்க பலவீனம் மேடம்," என்றான் ட்யூயி. பாக்கெட்டிலிருந்து அதேபோல் ஒரு காலிக் குழாயை எடுத்து, மூடியை அழுத்தித் திருகி, ஒரு பல்குச்சியை உருவினான். பெட்ரெகாலில் பாதிப் பேர் அந்தக் குழாயில் எதையாவது போட்டு வைத்திருப்பார்கள். ஊசி, தூண்டில் முள், உப்பு.

கவுண்டரில் நின்ற இனெஸ், அந்த நேரத்தில் ஒரு கிழவருக்கு வலி தைலம் விற்றாள். ரசீது அடித்தாள். கடைப் பெயரும் தேதியும் அச்சான சின்ன ஒட்டுச்சீட்டை டப்பாவின் மேல் ஒட்டினாள். அடையாள அட்டையில் வயதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். பெயர் எங்கும் ஏறவில்லை. அப்படிச் சட்டம் இல்லை.

"இனெஸ், அந்த ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது பேரு யாரு?"

"டெக்ஸஸ்காரங்க," என்றாள் உடனே.

"கேமராவுல பார்க்கலாமா?"

"டிஸ்க்கைப் போன வாரமே வரித்துறை ஆளுங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"சரி. மார்ச் பதினாலு. அன்னைக்கு மட்டும் அறுபத்தாறு ரசீது. அன்னைக்குப் பனியில கணவாய் மூடியிருந்துச்சு. வடக்கே நெடுஞ்சாலையும் மூடல். டெக்ஸஸ்காரன் எப்படி வந்தான்?"

இனெஸ் யோசித்தாள். "நடந்து வந்திருப்பாங்க."

"இருநூறு மைலு."

"நல்ல பூட்ஸ் போட்டிருந்தாங்க."

ட்யூயிக்குப் புரையேறியது. பல்குச்சியை விழுங்கியவன்போல இருமினான். இனெஸ் அவனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"இனெஸ், தாயே, என் வீடு போகப் போகுது," என்றார் நெல்டா. குரல் உடைந்தது. "ஏதாவது தெரிஞ்சா சொல்லுடி."

இனெஸின் கண் கலங்கியது. ஆனாலும் சொல்லவில்லை. பணத்துக்காகப் பொய் சொல்கிறவர்கள் இப்படிக் கலங்குவதில்லை என்பதை லூசிண்டா மனதில் குறித்துக்கொண்டார்.

பின்னறையில் இரும்புப் பெட்டி. கஞ்சாப் பணத்தை எந்த வங்கியும் வாங்காது, எந்த அட்டையும் செல்லாது. எல்லாம் ரொக்கம். அதனால் பெட்ரெகாலில் புழங்குகிற நோட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கஞ்சா வாசனை. தேவாலயக் காணிக்கைத் தட்டுகூட ஞாயிற்றுக்கிழமை அதே வாசனையோடுதான் திரும்பி வரும்.

லூசிண்டா ஒரு கட்டை எடுத்து மூக்கருகில் வைத்தார். அடுத்த கட்டை எடுத்தார். மூன்றாவதை எடுத்ததும் நிறுத்தினார்.

"ட்யூயி, இதை மோந்து பாரு."

"மாசச் சம்பளத்தை இப்படித்தான் தரப் போறீங்களா?"

"மோந்து பாருடா."

மோந்தான். முகம் ஒரு கணம் மாறி, பழையபடி ஆனது. "ஒண்ணும் தெரியல மேடம். ஜலதோஷம்."

"ரப்பர். அதுவும் ஈர ரப்பர். எல்லாம் ஒண்ணு, அஞ்சு டாலர் நோட்டு. கசங்கியிருக்கு. கடைக்கு வந்த பிறகு ஒட்டின வாசனை இல்ல. வரும்போதே கொண்டு வந்தது."

"டயர் கடை," என்றான் ட்யூயி சட்டென்று. "ஊர்க் கோடியில இருக்கே. டயர்க்காரன் மொத்தமா வாங்கறான். முடிஞ்சுது."

அவன் இவ்வளவு வேகமாக எதையும் கண்டுபிடித்ததில்லை. போகும் வழியில் அவன் கைபேசி இரண்டு தடவை அடித்தது. இரண்டும் மனைவி ஆர்லீன். ஏழு மாதக் கர்ப்பம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடி வருடம் ஒன்றாகிறது.

"கால் வீங்கியிருக்கா? தூக்கி வெச்சுக்கிட்டு உட்காரு... இல்ல, இன்னைக்குத் தெரிஞ்சிடும்... சரி, வெக்கறேன்."

"என்ன தெரிஞ்சிடும்?" என்றார் லூசிண்டா.

"பையனா பொண்ணான்னு."

டயர் கடைக்காரர் தேவாலயத்தில் பாடுகிறவர். கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு ஸ்பேனரோடு வெளியே வந்தார். காருக்குத் திரும்பி ஓடியபோது மணி இரண்டே கால்.

"அப்போ மீன்பிடிக் கழகமா இருக்கும்," என்றான் ட்யூயி. "ரப்பர் கால்சட்டை போட்டுட்டு ஆத்துல நிப்பாங்களே. பதினெட்டு மைல்தான்."

லூசிண்டா காரைக் கிளப்பவில்லை. கார் ஜன்னல் ஒன்று இறங்கிவிடாமல் இருக்க, ட்யூயி ஒரு தடித்த புத்தகத்தைக் கதவில் சொருகியிருந்தான். மாநில வரித்துறை ஆய்வாளர் கையேடு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், எழுதியவர் லூசிண்டா மயெஸ்டாஸ். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை சிக்னல்ல நின்னேனே, என் ஜன்னலுக்கிட்ட என்னடா நீட்டினாங்க?"

ட்யூயி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"பூட்ஸ்," என்றார் லூசிண்டா. "தீயணைப்பு ஆளுங்க பூட்ஸைக் கழட்டி நீட்டினாங்க. அதுலதான் ஆம்புலன்ஸுக்கு நன்கொடை போடுவோம். ஜனங்க போடறது ஒண்ணு, அஞ்சு. பனியில ஈரமான ரப்பர். இனெஸ் பொய் சொல்லத் தெரியாத பொண்ணு. அவ வாயில பூட்ஸ்தான் வந்துச்சு."

"எனக்கென்னவோ மீன்பிடிக் கழகம்னுதான்..."

"வாயை மூடிட்டு பெல்ட்டைப் போடு."

ஆம்புலன்ஸ் நிலையத்தில் ஒரு ஆம்புலன்ஸ், ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு காபி இயந்திரம். மூன்றில் காபி இயந்திரம்தான் புதிது. நிலையத் தலைவர் ரொசெண்டோ டுரான் இவர்களைக் கண்டதும் சுவர்க் கரும்பலகையைக் கையால் அழித்தார். அழித்த இடத்தில் 31 என்ற எண் மங்கலாகத் தெரிந்தது.

அறுபது வயது. நாலு நாள் தூங்காத கண். அவருக்குப் பின்னால் சுவரோரம் இருபத்துச் சொச்சம் ஜோடி ரப்பர் பூட்ஸ் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துண்டு அடைத்திருந்தது.

"வாங்க மேடம். எங்கயாவது தீயா?"

"நாலு மணிக்கு ஒரு இடத்துல பத்தப் போகுது. நெல்டா கடையில." லூசிண்டா பூட்ஸ் வரிசையை நோக்கி நடந்தார். "இருபத்தெட்டு வருஷம் வரி ஏய்ச்சவங்களைத்தான் பிடிச்சிருக்கேன். அதனால இது எனக்குப் புரிய மூணு நாளாச்சு. ஒரு டாலர் பொருளை ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது தடவை தனித்தனி ரசீதுல வாங்கினவங்க சுருட்டை வாங்கல. அந்த அஞ்சு டாலர் கட்டணத்தை வாங்கியிருக்காங்க. சுருட்டு அதோட ஓசியா வந்தது."

ஒரு பூட்ஸை எடுத்துக் கவிழ்த்தார். துண்டு விழுந்தது. அதன் பின்னாலேயே பிளாஸ்டிக் குழாய்கள் கொட்டின. ஐம்பது இருக்கும். தரையில் உருண்டு ஆம்புலன்ஸின் அடியில் போயின. ஒன்றுகூட உடைக்கப்படவில்லை.

ரொசெண்டோ வண்டியின் படியில் உட்கார்ந்தார்.

"நகரசபைத் தீர்மானம் மேடம். இந்தக் காலாண்டுல ரசீதுக் கட்டணம் நாப்பதாயிரம் டாலரைத் தொடணும். தொட்டா ஆம்புலன்ஸ் இருக்கும். தொடலேன்னா நாளைக்குக் காலையில அறுபத்தோரு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வித்துடுவாங்க. டிசம்பர்ல வண்டி பழுதாகி ஒன்பது நாள் ஓடல. அந்த ஒன்பது நாள்ல ரெண்டு பேர் போயிட்டாங்க. ரெண்டு பேரையும் எனக்குப் பள்ளிக்கூடத்துலருந்து தெரியும்."

"நன்கொடையை நேரா நகரசபையில கொடுக்கறதுதானே?"

"கொடுத்தேன். பத்தாயிரம் டாலரை பூட்ஸோட கொண்டு போய் மேஜை மேல வெச்சேன். வக்கீல் தீர்மானத்தைப் படிச்சுக் காட்டினார். கட்டணம்னு இருக்கு, நன்கொடைன்னு இல்ல. பூட்ஸை எடுங்க, மேஜை நனையுதுன்னாரு." ரொசெண்டோ கைகளைப் பார்த்துக்கொண்டார். "சரி, நன்கொடையைக் கட்டணமா மாத்துவோம்னு நாப்பது பேர் கிளம்பினோம். இனெஸ் விலையைக் குறைச்சுக் கொடுத்தா. நெல்டாவுக்கு இதெல்லாம் தெரியாது. சத்தியமா தெரியாது. மாநிலம் கடுதாசி போடும்னு எங்களுக்குத் தோணல. வரி கட்டினதுக்கு யாரு மேடம் கடுதாசி போடுவாங்க?"

"அதுல தப்பே இல்ல," என்றார் லூசிண்டா. "யாரும் ஒரு நாளைக்கு ஒரு அவுன்ஸைத் தாண்டல. வாங்கினது சட்டப்படி சரி. ஆனா ஒருத்தர் கையில ரெண்டு அவுன்ஸுக்கு மேல இருக்கக் கூடாது. இங்க முப்பத்திரண்டு அவுன்ஸ் இருக்கு. நிலையத்துச் சாவி உங்ககிட்ட இருக்கு. எக்பர்க்குக்கு உண்மையைச் சொன்னா நெல்டா தப்பிப்பாங்க, நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. சொல்லலேன்னா நெல்டாவோட வீடு போகும். ஏன் இதைத் தூக்கிப் போடாம வெச்சிருந்தீங்க?"

"குப்பையில போட்டா பிள்ளைங்க கையில சிக்கும். எரிச்சுடலாமான்னு யோசிச்சோம்."

"எரிச்சிருந்தா ஊரே மூணு நாள் சிரிச்சிட்டிருந்திருக்கும்," என்றான் ட்யூயி. அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"வீட்டுக்குக் கொஞ்சமா பிரிச்சிருக்கலாமே?" என்றார் லூசிண்டா.

"வாங்கினவங்க யாருன்னு நினைக்கறீங்க? தேவாலயப் பொருளாளர். பள்ளிக்கூட பஸ் ஓட்டறவங்க. தையல் வகுப்பு. வீட்டு வாசப்படியைத் தாண்டிக் கஞ்சா வரக்கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் இங்க கொண்டு வந்து போட்டுட்டு, கை கழுவிட்டுப் போனாங்க."

மணி மூன்று பத்து.

"முப்பத்தொண்ணுன்னா?" என்றார் லூசிண்டா, பலகையைக் காட்டி.

"மூணு கடையும் சேர்த்து எட்டாயிரம் ரசீது வேணும். மதியம் நகரசபையில கேட்டேன். முப்பத்தொண்ணு குறையுது. அஞ்சு மணிக்குக் கணக்கை மூடிடுவாங்க. மத்த ரெண்டு கடையும் சனி ஞாயிறு மட்டும்தான் திறக்கறாங்க. நெல்டா கல்லாவுக்கு நாலு மணிக்கு சீல். பூட்ஸும் காலி. கடைசி நோட்டு நேத்தே போயிடுச்சு." ரொசெண்டோ முகத்தை மூடிக்கொண்டார். "முப்பத்தொண்ணு மேடம். முன்னூறா இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

லூசிண்டா திரும்பினார். "ட்யூயி, உன் பல்குச்சி டப்பாவைக் குடு."

"பல்லுல ஏதாவது சிக்கிடுச்சா மேடம்?"

"குடுடா."

கொடுத்தான். லூசிண்டா குழாயைத் திருப்பிப் பார்த்தார். பாதி உரிந்த ஒட்டுச்சீட்டில் நெல்டாவின் கடைப் பெயர். கீழே தேதி, மார்ச் பதினாலு.

"அன்னைக்குப் பனியில வீட்டை விட்டு வெளியே வரமுடியலேன்னு எங்கிட்ட லீவு சொன்னே."

"வீட்டை விட்டு வரமுடிஞ்சுது மேடம். ஆபீஸுக்குத்தான் வரமுடியல."

"எத்தனை?"

"நூத்திப் பன்னெண்டு. ரெண்டு அவுன்ஸுக்கு ஒரு சுருட்டு கம்மி. உங்ககிட்ட வேலை பார்க்கறவன், எண்ணித்தான் வாங்கினேன்."

"எழுநூறு டாலர். ஏதுடா அவ்வளவு பணம்?"

ட்யூயி வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்வான். இன்று கிண்டல் வரவில்லை.

"குழந்தைக்குக் கட்டில் வாங்க வெச்சிருந்தது," என்றான் கடைசியில். "கட்டில் இல்லாம குழந்தை தூங்கிடும் மேடம். வண்டி இல்லாம அறுபத்தோரு மைல் வருமான்னு தெரியல."

காபி இயந்திரம் தானாக ஒரு முறை உறுமி அடங்கியது.

மதியம் முழுக்கத் தன்னை டயர் கடை, மீன்பிடிக் கழகம் என்று அலைக்கழித்தவனை லூசிண்டா சில வினாடி பார்த்தார். பிறகு குழாயை அவன் சட்டைப் பையில் திரும்பப் போட்டார்.

"போனை எடு. நாப்பது பேரையும் கூப்பிடு. இங்க வந்து அவங்கவங்க வாங்கினதை எண்ணிப் பையில எடுத்துக்கிட்டு நாலு மணிக்கு நெல்டா கடைக்கு வரணும். பொருளாளரும் வரணும். முதல்ல அவர்தான் வரணும். ஒருத்தர்கிட்ட இருந்தாத்தான் இது குற்றம். நாப்பது பேர்கிட்ட இருந்தா இது ஊரு."

"அந்த முப்பத்தொண்ணு?" என்றார் ரொசெண்டோ.

லூசிண்டா கைப்பையைத் திறந்தார். நெல்டா முன்பணமாகக் கொடுத்த இருநூறு டாலர், கொடுத்தபடியே இருந்தது. கஞ்சா வாசனையோடு.

கடையை அடைந்தபோது மூன்று ஐம்பத்திரண்டு. காரிலிருந்து இறங்கும்போது லூசிண்டா கதவிலிருந்த கையேட்டைப் பிடுங்கிக்கொண்டார். ஜன்னல் கண்ணாடி விடுதலையாகி உள்ளே விழுந்தது.

"ஒரு டாலர் சுருட்டு ஒண்ணு," என்றார் இனெஸிடம். "தனி ரசீது. முடிஞ்சதும் இன்னொண்ணு. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் அடி."

இனெஸ் அவரையும் பின்னால் நின்ற ட்யூயியையும் பார்த்தாள். புரிந்துகொண்டாள். அடையாள அட்டை, ரசீது, ஒட்டுச்சீட்டு, குழாய். அடையாள அட்டை, ரசீது, ஒட்டுச்சீட்டு, குழாய். ஒரு ரசீதுக்கு அரை நிமிடம். நெல்டா பின்னறையிலிருந்து வந்து, தான் கொடுத்த பணம் தன் கல்லாவுக்கே திரும்பி வருவதைப் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். ட்யூயி அவர் காதில் சொன்னான். நெல்டா ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பதினாறாவது ரசீது அடிக்கும்போது கதவு திறந்தது. மணி நான்கு. பிரெஸ்டன் எக்பர்க் நேரம் தவறாதவர். கையில் சிவப்பு சீல் காகிதம்.

"மயெஸ்டாஸ் மேடம்? நீங்க இங்க..."

"வாங்கிட்டிருக்கேன். பதினேழு, இனெஸ்."

"விற்பனையை நிறுத்துங்க. நாலு மணி."

லூசிண்டா திரும்பிப் பார்க்காமல் கையேட்டை நீட்டினார். "நாப்பத்தி நாலாம் பக்கம்."

எக்பர்க் படித்தார். சீல் வைக்கும் நேரத்துக்கு முன்பே கவுண்டருக்கு வந்துவிட்ட வாடிக்கையாளரின் தேவை முடிந்த பிறகே கல்லாவைத் தொட வேண்டும். அந்த வாக்கியத்தைப் பயிற்சித் தேர்வில் அவர் மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர். சீல் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

பதினெட்டு. பத்தொன்பது. இருபத்திரண்டில் ரசீதுத் தாள் தீர்ந்தது. இனெஸ் அவசரத்தில் புதுச் சுருளைத் தலைகீழாகப் போட்டாள், வெள்ளையாக வந்தது. ட்யூயி கவுண்டரைத் தாண்டிக் குதித்து, பழைய வேலையின் பழக்கத்தில் ஒரே திருப்பில் சுருளை மாட்டினான். இருபத்துமூன்று.

அதற்குள் அவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பஸ் ஓட்டுகிறவர்கள். தையல் வகுப்பு மொத்தமாக. பழுப்புப் பையைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு தேவாலயப் பொருளாளர். எக்பர்க் எழுந்தார். லூசிண்டா ரசீதுகளுக்கு நடுவே, தொடர்ச்சி விட்டுப்போகாமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

எக்பர்க் பைகளைப் பார்த்தார். சிலவற்றை எண்ணினார். "எண்பத்து நாலு," என்றார் பொருளாளரிடம்.

"நான் அதைத் தொட்டதுகூட இல்ல சார்," என்றார் பொருளாளர், சுவரைப் பார்த்து. "என் மனைவிதான் பையில போட்டா."

"முப்பத்தொண்ணு," என்றாள் இனெஸ்.

யாரும் கை தட்டவில்லை. நெல்டா நகரசபைக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டார். "எட்டாயிரம்," என்று தலையை ஒருமுறை அசைத்தார். கதவோரம் நின்ற ரொசெண்டோ சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்.

எக்பர்க் சீல் காகிதத்தைப் பைக்குள் வைத்தார். "எல்லாம் சட்டப்படிதான் இருக்கு மேடம். அதுதான் எனக்குப் புரியல."

"எனக்கும்," என்றார் லூசிண்டா. இருநூறில் மீதி ஏழு டாலர் எண்பது சென்ட். ட்யூயியின் கையில் வைத்தார். "கட்டிலுக்கு."

"கால்கூட வராது மேடம்."

"ஒரு கால் வாங்கு. மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

எக்பர்க் கதவருகே போனவர் நின்றார். கேட்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். கேட்டுவிட்டார்.

"நாளைக்கு ஏப்ரல் ஒண்ணு. அடுத்த காலாண்டு தொடங்குது. மறுபடி எட்டாயிரம். என்ன பண்ணுவீங்க?"

கடையில் நாற்பது பேர் இருந்தார்கள். பஸ் ஓட்டுகிறவர்கள் பொருளாளரைப் பார்த்தார்கள். பொருளாளர் சுவரையே பார்த்தார். ட்யூயியின் கைபேசி அடித்தது. அவன் எடுக்கவில்லை, திரையில் ஆர்லீனின் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரொசெண்டோ டுரான் குனிந்தார். வலது காலிலிருந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். காலுறையோடு ஈரத் தரையில் நொண்டி வந்து, பூட்ஸை எக்பர்க்கின் முன்னால் நீட்டினார்.

எக்பர்க் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு பர்ஸை எடுத்து, ஐந்து டாலர் நோட்டு ஒன்றை உள்ளே போட்டார்.

"ஆறு இருபது சார்," என்றாள் இனெஸ்.